மகளின் கதை

(நெல்லிக்குப்பத்தில் நூலக வாசகர்கள் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே நூலகத்தில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் இரண்டாம் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தாள். 2008-இல் முதல் பாகம், 2009-இல் இரண்டாம் பாகம், 2010-இல் மூன்றாம் பாகம் என்று வந்த கதை அது. பதினாறு வயதுப் பெண் காட்னிஸ் அதன் நாயகி. அந்த நாட்டில் பிள்ளைகளை ஒரு களத்துக்குள் அனுப்பி, ஒருவரை ஒருவர் கொல்ல வைத்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் தானியம் கூடுதலாக வாங்குவதற்காகக் குலுக்கலில் தங்கள் பெயரைக் கூடுதல் தடவை எழுதிப் போடுகிறார்கள். பசியை வைத்துச் சூதாடும் அரசு.

அந்த மாணவி சொன்னாள்: "முதல் புக்குல உயிரோட தப்பிச்சி வந்துட்டா டீச்சர். ரெண்டாவதுலயும் அதே விளையாட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்ப அதே கதைதானே?"

நல்ல கேள்வி. இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால் வாசகர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். முதல் பாகம் சொல்லாத எதைச் சொல்ல இது வந்தது? அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அன்று வகுப்பில் சிலப்பதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கோவலன் வெட்டுப்பட்டான், கண்ணகி வழக்குரைத்தாள், மதுரை எரிந்தது. மணியடிக்கும் நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மாதவிக்கு ஒரு குழந்தை இருந்துச்சே, அது என்ன ஆச்சு டீச்சர்?"

நான் சொன்ன பதிலை உங்கள் முன் மறைக்க விரும்பவில்லை. "அது வேற புத்தகம். பரீட்சைக்கு வராது" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இன்றைய பேச்சு அவளுக்கு நான் தரவேண்டியிருந்த பதில்.

விட்டுப்போன குழந்தை

கதை முடிந்த பிறகு "அப்புறம்?" என்று கேட்பது நம் பிள்ளைகளின் இயல்பு, நம் பெரியவர்களின் இயல்பும்தான். நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை ஏறி வரும் காட்சியோடு தொடங்கும் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. அது முடிந்தபோது, இவர் என்ன ஆனார், அவர் யாரை மணந்தார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்காகவே கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. அந்தக் கதையில் கடம்பூர் மாளிகைப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் மணிமேகலை. அந்தப் பெயருக்கு உரிய முதல் பெண்ணிடம், மாதவியின் மகளிடம்தான் நாம் இப்போது போகிறோம்.

சிலப்பதிகாரத்தில் மணிமேகலை எங்கே வருகிறாள் என்று தேடிப் பாருங்கள். புகார்க் காண்டத்தில் அவள் பிறப்பை நூலாசிரியர் இளங்கோ நேரில் காட்டவே இல்லை. மதுரைக்கு வந்த பின், அடைக்கலக் காதையில், மாடலன் என்னும் மறையவன் கோவலனைப் பாராட்டிப் பேசும்போதுதான் குழந்தைக்குப் பெயர் சூட்டிய விழா நமக்குத் தெரியவருகிறது. கடலில் தன் முன்னோரைக் காத்த தெய்வத்தின் பெயரைக் கோவலன் மகளுக்கு வைத்தான் என்கிறான் மாடலன். ஒரு குழந்தையின் பிறப்பு, பழைய நினைவாக, இன்னொருவர் வாயால், தகப்பன் சாவதற்குச் சற்று முன்னால் சொல்லப்படுகிறது. பிறகு வஞ்சிக் காண்டத்தில், அவள் துறவு பூண்டாள் என்னும் செய்தி வருகிறது. அவ்வளவுதான்.

ஆனால் இளங்கோ அவளை மறக்கவில்லை. நூலின் முடிவில் உள்ள கட்டுரைப் பகுதி, இந்தக் கதையின் பொருள் மணிமேகலையோடுதான் நிறைவடைகிறது என்று சொல்லிவிட்டே முடிகிறது. 'இன்னும் இருக்கிறது' என்று முதல் பாகத்தின் கடைசிப் பக்கமே கைகாட்டுகிறது. நூற்பதிகங்கள் சொல்லும் செய்தி இன்னும் அழகு. கண்ணகியின் கதையை இளங்கோவுக்கு எடுத்துரைத்தவர் சாத்தனார். அந்தச் சாத்தனார் மணிமேகலை என்னும் காப்பியத்தைப் பாடியபோது உடனிருந்து கேட்டவர் இளங்கோ. ஒருவர் சமணத் துறவி என்று மரபு சொல்கிறது, மற்றவர் புத்தரைப் போற்றியவர். ஒருவர் காப்பியத்துக்கு மற்றவர் முதல் வாசகர். சிலம்பு முப்பது காதை, மணிமேகலையும் முப்பது காதை. இரட்டைக் காப்பியங்கள் என்று பரீட்சைக்கு எழுதினோம். அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒரு நட்பு இருந்ததை நாங்கள் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லவில்லை.

உங்கள் வயதுப் பெண்

மணிமேகலை என்றாலே தத்துவ நூல், துறவு நூல் என்று ஒரு பயம் இருக்கிறது. பிள்ளைகளே, முதல் பத்துக் காதைகளின் கதையை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஊரில் இந்திர விழா. இருபத்தெட்டு நாள் கொண்டாட்டம். நாடகக் கணிகையர் குலத்தில் பிறந்த மாதவி ஆட வரவில்லை. ஊர் பேசுகிறது. பாட்டி சித்திராபதி தோழியை அனுப்பிக் கேட்கிறாள். மாதவி மறுக்கிறாள். மறுப்பதோடு நிற்கவில்லை, தன் வயிற்றில் பிறந்தவளைப் பார்த்து, இவள் அந்த மாபெரும் பத்தினியின் மகள் என்கிறாள். கண்ணகியின் மகள்! தன்னால் வாழ்வை இழந்த பெண்ணுக்குத் தன் மகளையே உரிமையாக்குகிறாள் ஒரு தாய். சிலப்பதிகாரம் முழுவதிலும் இந்த இரு பெண்களும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. இரண்டாம் பாகத்தின் இரண்டாம் காதையிலேயே சாத்தனார் அவர்களை உறவாக்கிவிட்டார்.

அதைக் கேட்டுக்கொண்டே பூத்தொடுத்த மகளின் கண்ணீர் மாலையில் விழுகிறது. கண்ணீர் பட்ட மாலை பூசைக்கு ஆகாது. புதுப் பூப் பறிக்க உவவனத்துக்குப் போகிறாள். மதயானையை அடக்கிவிட்டு வந்த சோழ இளவரசன் உதயகுமரன் அவளைத் தேடி அங்கேயே வருகிறான். அவள் பளிங்கு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். பளிங்கு மறைக்குமா? உருவம் தெரிகிறது, கை தொடமுடியவில்லை. அவன் போன பிறகு தோழி சுதமதியிடம் மணிமேகலை ஓர் உண்மையைச் சொல்கிறாள். தன்னை விலைமகள் என்று இழிவாக நினைத்தவன் அவன், அது தெரிந்தும் தன் நெஞ்சு அவன் பின்னாலேயே போகிறது, காமத்தின் இயல்பு இதுதான் என்றால் அது கெடட்டும் என்கிறாள். வளரும் பெண்ணின் மனத்தை இத்தனை நேர்மையோடு எழுதிய இடங்கள் பழைய இலக்கியத்தில் குறைவு. நாளைக்குத் துறவியாகப் போகிறவள் என்பதற்காகச் சாத்தனார் அவளைக் கல்லாகக் காட்டவில்லை.

அன்றிரவு மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கடல் நடுவே மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் அது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கண்விழித்தால் தெரியாத ஊர், தெரியாத கரை, ஒருவரும் இல்லை. அப்போது அவள் கூப்பிட்டு அழுவது யாரை? மதுரையில் வெட்டுப்பட்டு இறந்த தகப்பனை. தன்னோடு இருந்து வளர்க்காத தகப்பனை 'ஐயா' என்று அழைத்து அழுகிறாள். முப்பது ஆண்டுக்கு முன் என் வகுப்பில் கேட்ட கேள்விக்கு அங்கேதான் முதல் பதில் இருக்கிறது. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? தகப்பனை நினைத்து, யாருமற்ற தீவில், அழுதுகொண்டு நின்றது.

இதற்குப் பிறகு அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது: வேற்றுருவம் எடுக்க ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. இன்றைய சாகசக் கதை எதிலும் குறையாத ஆற்றல்கள். ஆனால் கதையின் போக்கை மாற்றுவது இந்த மந்திரங்கள் இல்லை, ஒரு பாத்திரம்.

கூல வாணிகர் எழுதிய பசி

கோமுகி என்னும் பொய்கையிலிருந்து ஆண்டுக்கு ஒருநாள், புத்தர் பிறந்த நாளில், மேலெழும் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத சோறு. இந்தப் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. மதுரையில் பிச்சையெடுத்து ஏழைகளுக்கு ஊட்டிவந்த ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அதைத் தந்தாள். பிறகு மழை பெய்து நாடு செழித்தது, பசித்தவர் யாருமில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. கையில் உலகத்துக்கே சோறிடும் பாத்திரம், எதிரே ஒரு பசித்த வாயும் இல்லை. தான் மட்டும் தின்று வாழ மனமில்லாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர்விட்டான். பாத்திரம் யாருக்காக என்று கேட்டால் இந்தக் கதைதான் விடை.

இதை எழுதியவர் யார்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலம் என்றால் தானியம். நெல்லும் வரகும் அளந்து விற்றவர் பசியைப் பற்றி எழுதினார். தானிய வியாபாரிக்குத்தான் தெரியும், பஞ்சக் காலத்தில் படியின் விலை எப்படி ஏறும், கடை வாசலில் யார் வந்து நிற்பார்கள், காசில்லாமல் யார் திரும்பிப் போவார்கள் என்று. பாத்திரம் பெற்ற காதையில் ஒரு கருத்து வருகிறது: திருப்பித் தரக்கூடியவர்களுக்குக் கொடுப்பவர் அறத்தை விற்கிறவர், தர வழியில்லாத ஏழையின் பசியைத் தீர்ப்பவரிடத்தில்தான் உலக வாழ்வு நிற்கிறது. 'விற்கிறவர்' என்னும் சொல் ஒரு வாணிகரின் பேனாவிலிருந்து வருவதால் அதன் எடை வேறு. தன் தொழிலின் சொல்லையே எடுத்துத் தன் அறத்தை அளந்து காட்டுகிறார்.

அதே இடத்தில், பசி என்ன செய்யும் என்று ஒரு வரிசை சொல்கிறார். அதில் ஒன்று, கல்வி என்னும் தெப்பத்தைக் கைவிடச் செய்யும் என்பது. ஆசிரியையாக இருந்த எனக்கு அது உவமையாகப் படவில்லை. பதினொரு மணிக்குமேல் கரும்பலகையைப் பார்க்காமல் சமையற்கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த கண்களை நான் அறிவேன். காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-இல் அதைச் சத்துணவாக விரித்தார், 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொன்றும் ஓர் அரசு ஆணைதான். ஆனால் அந்த ஆணைகளுக்கெல்லாம் முன்பே நம் மொழியில் ஒரு பெண் சிறைக்கோட்டத்துக்குள் போய்ச் சோறிட்டு, அதை அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி சோழ மன்னனிடம் கேட்டுப் பெற்றிருக்கிறாள். பத்தொன்பதாம் காதையின் பெயரே அதுதான்.

முதல் பாகத்தோடு ஒரு வழக்கு

என் கருத்தை இப்போது நேராகச் சொல்கிறேன். மணிமேகலை சிறந்த இரண்டாம் பாகமாக நிற்பதற்குக் காரணம், அது முதல் பாகத்தைத் தொடர்கிறது என்பது இல்லை. முதல் பாகத்தோடு அது வழக்காடுகிறது என்பதுதான்.

அமுதசுரபியில் முதல் பிச்சை யாரிடம் வாங்குகிறாள் பாருங்கள். ஆதிரையிடம். ஆதிரை யார்? அவள் கணவன் சாதுவன் ஒரு கணிகையிடம் சென்று செல்வத்தைத் தொலைத்தவன். பிறகு பொருள் தேடக் கடலோடினான், கப்பல் உடைந்து இறந்தான் என்று செய்தி வந்தது. ஆதிரை தீயில் இறங்கினாள், தீ சுடவில்லை. அவனோ நாகர் மொழி தெரிந்ததால் உயிர் தப்பித் திரும்பினான். இப்போது கண்ணகியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே துன்பம், அதே கணிகை, அதே தொலைந்த செல்வம், அதே தீ. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: இவள் கணவன் திரும்பி வந்தான். கண்ணகிக்குக் கிடைக்காத வாழ்வைப் பெற்றவளின் கையிலிருந்து முதல் சோற்றை வாங்கிக்கொள்கிறாள் மாதவியின் மகள். சாத்தனார் இதைத் தற்செயலாக வைத்தார் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. முதல் பாகத்தில் குற்றமற்ற ஒருவன் வாளுக்கு இரையாகிறான். அவன் மனைவி சிலம்பேந்தி மன்னன் முன் நிற்கிறாள். நீதி கிடைக்கிறது, மன்னனும் மாதேவியும் மாய்கிறார்கள், ஊர் எரிகிறது. இரண்டாம் பாகத்திலும் ஒருவன் வாளுக்கு இரையாகிறான். காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவத்தில் மணிமேகலை இருந்தபோது, அவளைத் தன் மனைவி என்று எண்ணிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டிவிடுகிறான். இப்போது மகனை இழந்த தாய் இராசமாதேவி மணிமேகலையைச் சிறைப்படுத்தி வதைக்கிறாள். மயக்க மருந்து கொடுக்கிறாள், மானத்துக்குக் கேடு சூழ்கிறாள், நோயாளி என்று சொல்லி அறையில் பூட்டிப் பட்டினி போடுகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அரசி தவறை உணர்ந்து வணங்க வரும்போது, என்னை நீங்கள் வணங்கலாகாது என்று மணிமேகலைதான் அரசியை வணங்குகிறாள். அநியாயம் செய்த அரண்மனையின் முன் மறுபடியும் ஒரு பெண் நிற்கிறாள். இந்தத் தடவை ஊர் எரியவில்லை.

கண்ணகியின் கோபம் தவறு என்று இதைக் கேட்டு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நீதி என்னும் சொல்லுக்கே நம் மொழியில் இத்தனை வெப்பம் இருந்திருக்காது. ஆனால் ஊர் எரிந்த மறுநாள் என்ன? அந்தத் தீயின் வெளிச்சத்தில் வளர்ந்த அடுத்த தலைமுறை என்ன செய்ய வேண்டும்? அதைக் கேட்க ஒரு மகள் தேவைப்பட்டாள்.

அவள் கேட்கவும் செய்கிறாள். இருபத்தாறாம் காதையில் மணிமேகலை வஞ்சி நகருக்குப் போய்க் கண்ணகியின் சிலை முன் நிற்கிறாள். ஏன் மதுரையை எரித்தாய் என்று கேட்கிறாள். வணங்க வந்த மகள் கேள்வியும் கேட்கிறாள்! சிலை பேசுகிறது. பழைய பிறவியின் வினையால் வந்த துன்பம் இது என்று மதுராபதித் தெய்வம் சொல்லியும் கேளாமல் சினத்தால் எரித்தேன், அந்தச் செயலின் பயனையும் நான் ஒருநாள் அனுபவித்துத்தான் ஆக வேண்டும் என்கிறாள் கண்ணகி. தெய்வமாகிக் கோயில் கொண்ட முதல் பாகத்து நாயகி, இரண்டாம் பாகத்தில் வந்து, தன் செயலைத் தானே எடை போடுகிறாள். எழுதுபவருக்கு இதைவிடத் துணிச்சல் எது?

இந்தத் துணிச்சல் நம் மண்ணுக்கும் தெரியும். 1934-இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன், 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்னிப்பிரவேசம்' என்னும் சிறுகதையை எழுதினார். ஒருவனின் காரில் ஏறிக் கெட்டுவந்த கல்லூரிப் பெண்ணின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தாய் முடிக்கும் கதை. எதிர்ப்பும் பாராட்டும் பெரிதாக எழுந்தன. அவர் அதோடு விடவில்லை. அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் போயிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று தன் கதைக்கே எதிர்க்கேள்வி போட்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார், பிறகு 'கங்கை எங்கே போகிறாள்' எழுதினார். தான் எழுதியதை மறுபடி விசாரிக்கும் மனம் இருக்கிறவருக்கே அடுத்த பாகம் எழுதும் உரிமை உண்டு.

என் மனக்குறைகள்

விரும்பும் நூலிடம் குறை சொல்லவும் வாசகருக்கு உரிமை இருக்கிறது. எனக்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, முற்பிறவி. மணிமேகலையின் மனம் உதயகுமரனிடம் போனதற்குக் காரணம், முற்பிறவியில் அவன் அவள் கணவன் இராகுலன் என்று நூல் விளக்கிவிடுகிறது. சுதமதியிடம் அவள் அத்தனை நேர்மையாகப் பேசிய பிறகு அந்த விளக்கம் அவள் சொல்லின் பலத்தைக் குறைக்கிறது. ஒரு பெண் தன் மனத்தோடு போராடி வென்றாள் என்றால் அது அவள் வெற்றி. எல்லாம் போன பிறவியின் கணக்கு என்றால் அந்த வெற்றி யாருடையது?

இரண்டாவது, காயசண்டிகை. ஒரு முனிவருக்கு உரிய நாவற்கனியைக் காலால் மிதித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டு யானைப் பசியில் வாடியவள் அவள். மணிமேகலையின் சோற்றில் பசி தீர்ந்து ஊர் திரும்ப வானில் எழுந்தவள் வழியிலேயே மடிகிறாள். அந்தச் சாவைச் சாத்தனார் சில வரிகளில் கடந்துவிடுகிறார். அத்தனை ஆண்டு பட்டினி கிடந்து ஒருநாள் உண்டவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் தந்திருக்கலாம்.

மூன்றாவது, இருபத்தேழாம் காதையும் இருபத்தொன்பதாம் காதையும். ஒன்றில் பல சமயத்தாரின் வாதங்கள், மற்றதில் அளவை நூல், அதாவது தருக்கம். ஆண் உருவெடுத்துப் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் உன் கொள்கை என்ன என்று கேட்கும் பெண்ணை நான் வியக்கிறேன். ஆனாலும் கதைக்காக வந்த இளம் வாசகர் அங்கே மூச்சுத் திணறுவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உ.வே. சாமிநாதையரே திணறியிருக்கிறார். நூலில் வரும் பௌத்தச் சொற்கள் விளங்காமல், கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியரிடம் பௌத்த சமயச் செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். அந்தப் பெரியவர்தான் 1924 முதல் சில ஆண்டுகள் நம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். நாற்பது வயதைக் கடந்த, ஊரறிந்த தமிழறிஞர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி இன்னொருவரிடம் போய்க் கற்றார் என்றால், நீங்கள் இரண்டு காதையை இப்போதைக்குத் தள்ளி வைத்துப் படிப்பதில் குற்றமில்லை.

வடலூரின் அடுப்பு

இந்த நூலை நெல்லிக்குப்பத்தில் நின்று பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

நம் ஊரின் சர்க்கரை ஆலை தன் தொடக்கத்தை 1842 என்று சொல்கிறது. வண்டி வண்டியாகக் கரும்பு வந்து இறங்கும் ஊர் இது. இனிப்பைச் செய்யும் ஊரிலும் பசி இருந்தது, இருக்கிறது என்பதை வெட்டுக்கூலிக்குப் போகிறவர்கள் அறிவார்கள். இங்கிருந்து பண்ருட்டி வழியாகப் பஸ் ஏறினால் வடலூர். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்காமல், ஊர் கேட்காமல், பசியை மட்டும் கேட்டுச் சோறு போடும் இடம்.

வள்ளலார் மறைந்து 24 ஆண்டுகள் கழித்துத்தான் உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்பு வந்தது. இந்த நூலிலிருந்து அந்த அடுப்பு பிறந்தது என்று நான் முடிச்சுப் போடவில்லை. நான் சொல்வது வேறு. சாத்தனார் புகாரின் உலக அறவி என்னும் பொது அம்பலத்தில் மணிமேகலையை நிறுத்திச் சோறிட வைத்தார். வள்ளலார் வடலூர் வெளியில் அடுப்பை மூட்டினார். பசி என்னும் நெருப்பைக் கண்ட இருவரும் அதற்கு எதிரே இன்னொரு நெருப்பை, உலை வைக்கும் நெருப்பை, காட்டினார்கள். மதுரையை எரித்த தீயும் தீதான். வடலூரில் எரிவதும் தீதான். அந்த முதல் தீயிலிருந்து இந்த இரண்டாம் தீக்கு வரும் வழியைத்தான் மணிமேகலை நடந்து காட்டுகிறாள்.

இந்தக் காப்பியத்தில் புகாரைக் கடல் கொள்கிறது. மகனைப் பறிகொடுத்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான், அதனால் கடல் பொங்கியது என்று நூல் காரணம் சொல்கிறது. அந்தக் காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்துக் கரையைப் பார்த்தவர்கள், கடல் ஊரைக் கொண்டது என்னும் செய்தியைக் கற்பனை என்று ஒதுக்க மாட்டார்கள். தன் ஊரே இல்லாமல் போன பிறகு மணிமேகலை என்ன செய்கிறாள்? பஞ்சத்தில் வாடும் காஞ்சிக்குப் போகிறாள். பாத்திரத்தை எடுக்கிறாள். சோறு போடுகிறாள். ஊரை இழந்தவள் வேறோர் ஊரின் பசியைத் தீர்க்கிறாள். சுனாமிக்குப் பிறகும் 2011-இல் தானே புயலுக்குப் பிறகும், தங்கள் கூரையே பறந்துபோன பெண்கள் பொதுஅடுப்பு மூட்டி அக்கம்பக்கத்துக்கும் சேர்த்துச் சமைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் மணிமேகலையைப் படித்தவர்கள் இல்லை.

எப்படிப் படிப்பது

பிள்ளைகளே, கடைசியாக உங்களுக்குச் சில வார்த்தை. உரையோடு கூடிய மணிமேகலைப் பதிப்புகள் கிடைக்கின்றன. இரண்டாம் காதையில் தொடங்குங்கள். பத்தொன்பது வரை நிறுத்தாமல் போங்கள். சொல் விளங்காவிட்டால் உரையைப் பாருங்கள், அதுவும் விளங்காவிட்டால் தாண்டிப் போங்கள், கதை உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். பிறகு இருபத்தாறைப் படியுங்கள். கண்ணகியும் மணிமேகலையும் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சிலப்பதிகாரத்தை மறுபடி எடுங்கள். நான் அப்படிப் படித்தபோது வழக்குரை காதையில் எனக்கு முன்பு கேட்காத ஒன்று கேட்டது: தொலைவில் புகாரில் இருக்கும் அந்தக் குழந்தையின் மௌனம். நல்ல இரண்டாம் பாகம் முதல் பாகத்தையும் புதிதாக்கித் தருகிறது.

காட்னிஸின் கதையைப் படித்த மாணவியும் இங்கே இருக்கிறாள். அவளிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் பாகத்தையும் படி. அந்தப் பெண் தன் கோபத்தை வைத்துக்கொண்டு கடைசியில் என்ன செய்கிறாள் என்று பார். பிறகு மணிமேகலை தன் கோபத்தை என்ன செய்தாள் என்று பார். எது உனக்குப் பிடித்தது, ஏன் பிடித்தது என்று இதே இடத்தில் வந்து பேசு. என் கருத்தை மறுத்துப் பேசினாலும் சரி. முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருகிறேன்.

முப்பது ஆண்டுக்கு முன் கடைசி பெஞ்சில் இருந்தவள் இன்று எந்த ஊரில் இருக்கிறாளோ எனக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பெற்று அவர்களுக்குக் கதை சொல்லும் வயது ஆகியிருக்கும். அவளுக்கு இந்தப் பேச்சு அச்சில் போய்ச் சேரட்டும். அம்மா, அந்தக் குழந்தை வளர்ந்தது. தகப்பனை நினைத்து அழுதது. தாயின் தொழிலை வேண்டாம் என்றது. கையில் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பசித்தவர்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனது. பரீட்சைக்கு வராது என்று நான் அன்று சொன்னது தவறு.